தாய் வந்து கேட்கும்வரை

பெரட்டுக்களத்தில் ஒருத்தியின் பேரைத் தனியாகக் கூப்பிட்டால் அது நல்லதுக்கு என்று சவுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நினைப்பதில்லை. விடிகிற நேரத்தில் ஆள் எண்ணி, இன்றைக்கு இந்த மலை என்று பிரித்து அனுப்புகிற இடம் அது. கூட்டத்தோடு நிற்கிறவரைக்கும் தொல்லையில்லை. தனியாகக் கூப்பிட்டால், ஒன்று நேற்றுக் கொழுந்து குறைந்ததற்கு அரைப்பேர் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கடுதாசி வந்திருக்கும். எழுபத்துமூன்றாம் ஆண்டில் அரைப்பேர் பரவாயில்லை என்று ஆகிவிட்டிருந்தது. அதில் பாதிக் கூலிதான் போகும். கடுதாசி வந்தால் ஆளே இந்தியாவுக்குப் போக வேண்டியிருந்தது.

"பிரான்சிஸ்கா! அற்புதராஜ் பொண்சாதி பிரான்சிஸ்கா!" என்று கங்காணி இராசையா கத்தினார். அவள் கம்பளியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இந்தா, கடுதாசி. மூணு."

"எங்கேருந்துங்க?"

"எனக்கென்னா தெரியும்? ஒம்மக பேருல வந்திருக்கு. லயத்துப் புள்ளைக்கு மூணு கடுதாசி! தொரைக்கே இன்னைக்கு ரெண்டுதான்."

கூட்டம் சிரித்தது. மகள் பேருக்கு என்றதும் பிரான்சிஸ்காவுக்குப் பாதி உயிர் திரும்பியது. இந்தியாக் கடுதாசி வீட்டு ஆம்பிளை பேருக்குத்தான் வரும். ஆனாலும் மீதி உயிர் திரும்பவில்லை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மூன்றையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்கு உள்ளே, வயிற்றோடு வைத்துச் செருகிக்கொண்டு மலை ஏறினாள். தூறல் விடவேயில்லை. கடுதாசி நனைந்துவிடுமோ என்று நொடிக்கொரு தரம் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பறித்த கொழுந்தெல்லாம் முற்றலும் காம்புமாகப் போனது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கங்காணி அவள் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கா பறிச்ச?" என்று கேட்டார். அவள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்துக்கு ஓடினாள்.

மகள் றோசாலி பகலுக்கு மரவள்ளிக்கிழங்கு அவித்து, கொச்சிக்காய்ச் சம்பல் இடித்து வைத்திருந்தாள். கூப்பன் அரிசி அந்த வாரமும் வரவில்லை. மாவுக்கு வரிசையில் நின்று பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். றோசாலிக்குப் பதினாறு முடிந்திருந்தது. நாலு மைல் நடந்து மடுல்சீமைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்தவள். பத்தாம் வகுப்புச் சோதனையில் எட்டுப் பாடத்திலும் சித்தி பெற்றிருந்தாள். தோட்டத்தில் அதுவரைக்கும் எந்த லயத்துப் பிள்ளையும் செய்யாத காரியம். கடுதாசியைப் பார்த்ததும் அவள் கையைக்கூடக் கழுவாமல் பிரித்தாள்.

"அம்மா, கண்டிக் காலேஜ்ல எடம் குடுத்திருக்காங்க! பெரிய கிளாக்கர் மக படிச்சதே, அது!"

"அப்புறம்?"

"இது கொழும்பு. இங்கயும் எடம் இருக்காம். ரெண்டுலயும் சயன்ஸ் படிக்கலாம்." வாசித்துக்கொண்டே வந்தவளின் குரல் இறங்கியது. "தவணைக்குத் தவணை பணம் கட்டணும். விடுதிக்குத் தனியா."

மூன்றாவது கடுதாசி பதுளையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. புதிதாகத் தொடங்கியது. பேர்பெற்ற இடமில்லை. றோசாலி அதை நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "விடுதி, மூன்று வேளை உணவு, புத்தகம், சீருடை அனைத்தும் இலவசம். பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுடன் நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னரே இடம் உறுதி செய்யப்படும்."

"எதுல கையொப்பம்?"

"ஒப்பந்தத்துல."

பிரான்சிஸ்கா கையிலிருந்த கிழங்கைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

படித்தவர்களுக்கு அது ஆயிரம் காரியத்துக்கு ஆகிற சொல்லாக இருக்கலாம். தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ பெரியவர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் இங்கே இருக்கலாம், இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்களே, அதுதான் ஒப்பந்தம். "அவனுக்கு ஒப்பந்தத்துல வந்துருச்சாம்" என்று சொன்னால் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி நாலு பேர் எழுந்து போய் அந்த வீட்டு வாசலில் உட்காருவார்கள்.

அவளுடைய அக்காள் மிக்கேலம்மா குடும்பத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அரிசிக் கூப்பனுக்கு என்று நினைத்து அத்தான் கைநாட்டு வைத்த கடுதாசி, கடைசியில் இந்தியாவுக்குப் போக விருப்பம் என்று எழுதிய கடுதாசியாம். பதுளை ரயில் நிலையத்தில் கோச்சி ஜன்னல் வழியாக அக்காள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பிரான்சிஸ்கா. கோச்சி நகர்ந்தது. நிலையமே அலறியது. அவள் கையை விடாமல் மேடை முடிகிற மட்டும் ஓடினாள். கடைசியில் அக்காளின் கண்ணாடி வளையல் உடைந்து ஒரு துண்டு இவள் உள்ளங்கையில் ஏறியதுதான் மிச்சம். தலைமன்னாரில் கப்பல் ஏறியபின் ஒரே ஒரு கடுதாசி வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

அந்தப் பயம் அவள் வீட்டுக்குள்ளும் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாசலில் ஜன்னலோரம் ஒன்றும் சவுக்கு மரத்தடியில் ஒன்றுமாக இரண்டு மேசை போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இரண்டு ஐயாமார், சிலோனில் இருக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு மேசையிலும் இந்தியாவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு மேசையிலும் கடுதாசி நிரப்பிக் கொடுத்தார்கள். அற்புதராஜ் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான். "சவுக்கு மரத்தடி மேசைதான் சிலோன்" என்று அவன் சொன்னான். ஜன்னலோர மேசைதான் சிலோன் என்று லயத்தில் சிலர் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்தது, சத்தியம் செய்து செய்து அவனுக்கு அலுத்தது. பதில் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அற்புதராஜ் மாட்டுக் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தான். தேயிலை ஸ்டோரில் இலையை உலர்த்தும் வாட்டுமாடி வேலை அவனுக்கு. உடம்பெல்லாம் வாடின இலை வாசம் வீசும். சாணிக் கூடையை எடுக்க வந்த பிரான்சிஸ்கா பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்தாங்க. புள்ள கண்டிக்கே போகட்டும்."

அவன் விளக்குமாற்றை நிறுத்தினான். "என்னா சொன்ன?"

"கண்டிக்கு. பேருபோன எடம். கிளாக்கரய்யா மக படிச்சா. நம்ம புள்ள படிக்கக் கூடாதா?"

"அடியே, ஒனக்குக் காச்சலா? பதுளையில சோறு போட்டு, துணி குடுத்து, பொஸ்தகம் குடுத்துப் படிக்க வைக்கிறேன்னு கூப்புடுறாங்க. இங்க கெழங்குக்கே வழியக் காணோம். கண்டிக்குப் பணம் எங்கேருந்து வரும்?"

"மாட்ட வித்துருவோம்."

"மாட்ட வித்தா ஒரு வருஷம். அடுத்த வருஷம்?"

"என் தோடு இருக்கு."

"அது ஒரு மாசத்துக்குக் காணாது. வெளையாடுறியா?"

"சும்மா குடுக்கிறதுல எனக்கு நம்பிக்கயில்ல. சும்மா குடியிருக்கக் காம்பரா குடுத்தாங்க. யாரு பேராவது தோட்டத்துச் செக்ரோல்ல பதிஞ்சிருக்குற வரைக்கும்தான் காம்பரா. சும்மா ஏதாவது ஒண்ணு நமக்குக் குடுத்திருக்காங்களா இதுவரைக்கும்? சொல்லுங்க."

"சிஸ்டர்மாரும் தொரையும் ஒண்ணா?"

"கடுதாசி கடுதாசிதான்."

அவள் எதை நினைத்துப் பேசுகிறாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மற்ற நாளில் ஒரு கட்டி வெல்லத்தை மூன்று நாளைக்குக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறவள், மாட்டை விற்கச் சொல்கிறாள். ஒப்பந்தம் என்ற சொல்லை வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்கிற பயத்தில் அவள் விஷயத்தைச் சொல்லாமலே சண்டை போட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி இராசையா வந்து லயத்து வாசலில் நின்றார்.

"என்னா அற்புதராஜ், புள்ளைக்குப் பதினாறு ஆயிருச்சில்ல? வர்ற மாசம் புதுப்பேர் பதியிறாங்க. தொரகிட்டச் சொல்லிட்டேன்."

"புள்ள படிக்கப் போகுதுங்க."

"போனா சரி. போகாட்டி சும்மா வீட்டுல வச்சிருக்க முடியாது. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் கூடையோட அனுப்பிரு." சொல்லிவிட்டு அவர் அடுத்த வாசலுக்குப் போனார்.

உள்ளே அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் றோசாலி. கண்டி என்ற சொல்லை அம்மாவே சொல்லக் கேட்டதில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமில்லை. மனசுக்குள் அவளும் கண்டிக்குத்தான் ஆசைப்பட்டாள். அங்கே சயன்ஸ் படிக்கப் பெரிய ஆய்வுகூடம் இருக்கிறதாம், வெள்ளைச் சீருடையாம். ஆனால் கொட்டிலில் நின்ற மாட்டைப் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தோஷம் கரைந்தது. ஒரு வருஷம் கண்டியில் படித்துவிட்டு நடுவில் திரும்பி வந்து கூடை மாட்டுவதை நினைத்தாள். அன்றைக்குச் சாயந்தரம் பீலிக்கரையில் குடம் நிறைகிற சத்தத்துக்குள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லும்மா. பதுளை ஏன் வேணாங்கிற?"

பிரான்சிஸ்கா குடத்தைத் தண்ணீருக்கு நேராக நகர்த்தினாள்.

"அம்மா."

"அந்தக் கடுதாசியில ஒப்பந்தம்னு எழுதியிருக்குல்ல. கண்டிக் கடுதாசியில இல்லயே. கொழும்புலயும் இல்ல. அவங்க காசுதான் கேக்குறாங்க. இவங்க ஒன் பொறந்த சாட்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு, ஒப்பந்தத்துல கையெழுத்துக் கேக்குறாங்க. நான் வச்சுட்டு வந்தேன்னா, ஒன்னைய எங்க கொண்டு போவாங்களோ!"

றோசாலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"அம்மா, அது வேற ஒப்பந்தம். ரெண்டு பேரு பேசிக்கிட்டு எழுதிக்கிட்டா அது ஒப்பந்தம்தான். கோயில்ல கலியாணத்துக்கு நீயும் அப்பாவும் கைநாட்டு வச்சீங்களே, அதுகூட ஒப்பந்தம்தான்."

"ஒங்க பெரியப்பனும் அப்புடித்தான் நெனச்சாரு. கூப்பனுன்னு."

றோசாலி நிறைந்த குடத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். "கண்டிக்கு நான் போகலம்மா. பாதியில திரும்பி வந்தா கங்காணி சிரிப்பாரு. எனக்குப் பேரு பதியப் பயமா இருக்கு. ஒனக்கு ஒப்பந்தம்னா பயம், எனக்குக் கூடைன்னா பயம். பதுளைக்குப் போவோம். நானே ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுச் சொல்றேன். ஏதாவது தப்பா இருந்தா எந்திருச்சு வந்துருவோம்."

மகள் கூடைக்குப் பயப்படுகிறாள் என்பது பிரான்சிஸ்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தன் முதுகில் கிடக்கிற கூடை. கோபம் வரவில்லை. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "போவோம்," என்றாள்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை இருவரும் பஸ் ஏறினார்கள். அற்புதராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. பசறை வளைவுகளில் றோசாலி ஜன்னல் பக்கம் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரான்சிஸ்கா பிறப்புச் சான்றிதழ் வைத்த துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடம் இருந்தும் பின்னால் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பதுளை பஸ் நிலையத்தில் இறங்கியதும் எங்கிருந்தோ கோச்சி கூவியது. அவள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பள்ளிக்கூட வாசல்வரை விடவில்லை.

பள்ளிக்கூடத்தை நடத்தும் மதர் யாழ்ப்பாணத்துப் பெண். மெலிந்த, கண்ணாடி போட்ட மனுஷி. "வாங்கோ, இருங்கோ" என்றார். பிரான்சிஸ்கா உட்காரவில்லை. மேசையில் கடுதாசி விரித்து வைக்கப்பட்டது.

"எது அந்த எழுத்து?" என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

றோசாலி மேலே பெரிதாக அச்சடித்திருந்ததைத் தொட்டுக் காட்டினாள். பிரான்சிஸ்கா அதை உற்றுப் பார்த்தாள். அக்காளைக் கொண்டுபோன எழுத்து இதுதானா என்று பார்த்தாள். றோசாலி கீழே உள்ளதை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். பிள்ளை சோதனை முடியும்வரை படிக்க வேண்டும், நடுவில் நிறுத்தி வேலைக்கு அனுப்பக் கூடாது, நோய் நொடிக்குப் பள்ளிக்கூடம் பொறுப்பு. இந்தியா என்று ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் அவள் பெருவிரலில் மை தடவியபின், விரலைக் கடுதாசிக்கு மேலே பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஏன் அம்மா, பயப்பிடுறீங்களோ? ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம்," என்றார் மதர்.

"பயந்தான் மதர்." அவள் விரலை இறக்காமலே சொன்னாள். "நாங்க வச்ச கைநாட்டு எல்லாம் வேற எடத்துக்குப் போயிருக்கு. நான் ஒங்க கடுதாசியில வைக்கிறேன். நீங்களும் எனக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிக் குடுங்க."

"அம்மா!" என்று றோசாலி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். வெட்கத்தில் பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது.

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். "சொல்லுங்கோ. என்ன எழுத வேணும்?"

"எம்மக றோசாலிய, அவ தாய் நான் நேர்ல வந்து கேக்குற வரைக்கும் யாருகிட்டயும் குடுக்க மாட்டோம். கங்காணி வந்து கேட்டாலும், கவுருமெண்டு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம்." ஒரு நிமிஷம் யோசித்தாள். "அவ அப்பன் வந்து கேட்டாலும்."

மதர் தலை நிமிர்ந்து பார்த்தார். எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதற்கு அப்புறம்தான் பிரான்சிஸ்கா பெருவிரலை வைத்தாள்.

லயத்துக்கு வந்ததும் வாசிக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் அந்தத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அப்பன் வந்து கேட்டாலும் என்ற இடம் வந்தபோது அற்புதராஜின் முகம் சுருங்கியது. "நான் என்னாடி பண்ணுனேன்?" என்று கேட்டான். அவள் தாளை மடித்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள்.

மாடு கொட்டிலிலேயே நின்றது. மாசத்துக்கு ஒருமுறை பால் விற்ற காசில் பதுளைக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். றோசாலி கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். கண்டியைப் பற்றிப் பேசுவதை விட்டு, தவளை அறுத்த கதையைச் சொன்னாள். டாக்டருக்குப் படிக்கலாம் என்று சிஸ்டர் ஒருவர் சொன்னாராம். பிரான்சிஸ்காவுக்குப் பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போனது. பெரட்டில் பேர் கூப்பிட்டால்கூடக் கம்பளியை இழுத்துவிட்டுக்கொள்ளாமலே முன்னால் போனாள்.

கார்த்திகை மாசம், கிறிஸ்து பிறந்தநாளான நத்தார் லீவுக்கு மூன்று வாரம் இருக்கையில், கங்காணி இராசையா அவளை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை கத்தவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பிரான்சிஸ்கா, அற்புதராஜ் பேருக்குக் கடுதாசி. நீயே கொண்டுட்டுப் போ."

பழுப்பு நிற உறை. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் மலைக்குப் போகவில்லை. ஸ்டோர் வாசலிலிருந்து அற்புதராஜைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிலிப்பு மாஸ்டர்தான் அங்கே எல்லா வகுப்புக்கும். கடுதாசி இங்கிலீஷில் இருந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டு, இன்னொருமுறை வாசித்தார்.

"இந்தியாவுக்குத்தான் வந்திருக்கு," என்றார். "மூணு பேரு. நீங்க ரெண்டு பேரும், மகளும்."

அற்புதராஜ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். எதிரே அந்தச் சவுக்கு மரம் நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், யாரும் கேட்காமலே சொன்னான்.

"ஜன்னல் பக்கம் வரிசை பெருசா இருந்துச்சு பிரான்சி. ஸ்டோருல மணி அடிச்சுட்டாங்க. மரத்தடியில நாலே பேருதான் நின்னாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு ஒருத்தரு சொன்னாரு. அங்கேயே வச்சுட்டேன்."

ஐந்து வருஷமாக அவன் சத்தியம் செய்ததெல்லாம் இதை மறைக்கத்தான். அவனும் பயந்துபோய்த்தான் இத்தனை நாளும் சத்தியம் செய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

"போயி புள்ளையக் கூட்டிட்டு வந்துருவோம்," என்றான் அவன். மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எப்புடியும் நத்தாருக்கு வரத்தானே போகுது. எனக்குக் குடுக்க மாட்டாங்க. நீதான் எழுதி வாங்கிட்டு வந்திருக்கியே. நீ போய்க் கேளு."

பிரான்சிஸ்கா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். வளையல் குத்திய இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. நத்தாருக்கு எல்லாப் பிள்ளைகளையும் தாய் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். றோசாலி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். பஸ் நிலையத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை நினைக்கும்போது அவளுக்கு இதுவரை பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

"மாஸ்டர், அந்தக் கடுதாசிக்குப் பதில் எழுதணுமில்ல?"

"எழுதணும். எப்ப பயணம்னு கேப்பாங்க."

"ரெண்டு பேருன்னு எழுதுங்க."

"அப்புடி நெனச்சபடி எழுத முடியாது பிரான்சிஸ்கா. இதுல மூணு பேருன்னு..."

"மூணாவது ஆளு எங்ககிட்ட இல்ல மாஸ்டர். மதர்கிட்ட இருக்கு. தாய் வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டாங்க. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க."

அற்புதராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். "பிரான்சி, நீ போகவே மாட்டியா?"

"போவேன். கோச்சி ஏறுற வரைக்கும் மாசம் மாசம் போயிப் பாப்பேன்," என்றாள் அவள். "கேக்க மாட்டேன்."